வலது கையில் உளி

பாட்னா
28 செப்டம்பர் 1994

அன்புள்ள சுனைனா,

சாமா கதையில் கோள் சொன்னதால் அந்தக் கோள்மூட்டிக்கு என்ன கிடைத்தது என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியவில்லை.

இருபத்திரண்டு வருடமாகக் கல்லூரியில் தர்க்கம் நடத்துகிறேன். எந்தச் செயலுக்கும் ஒரு நோக்கத்தைக் காட்டு என்று மாணவிகளைப் படுத்துகிறேன். ஆனால் சாமா கதையை எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் அந்த இடத்தில் வெறுமையாகத்தான் இருக்கிறது. கிருஷ்ணனின் மகள் சாமா பிருந்தாவனத்தில் ஒரு முனிவரின் ஆசிரமத்துக்குப் போய் வருகிறாள். அரண்மனையில் ஒருவன் அதைத் திரித்து அவள் தந்தையிடம் போட்டுக்கொடுக்கிறான். தந்தை விசாரிக்கவில்லை, பறவையாகிப் போ என்று சபித்துவிடுகிறார். கணவன் சகேவாவும் பறவையாகிப் பின்னால் பறக்கிறான். அண்ணன் தவம் செய்து தங்கையை மீட்டு வீட்டுக்குக் கொண்டுவருகிறான். கோபப்பட்டவருக்குக் காரணம் இருக்கிறது, தவம் செய்தவனுக்கும் இருக்கிறது. சொன்னவனுக்கு மட்டும் ஒன்றுமில்லை. பண்டிகைக் கடைசி நாளில் அவன் பொம்மையின் மீசை எரிவதோடு அவன் வேலை முடிந்துவிடுகிறது.

இந்த வருடம் சாமா பண்டிகைக்குத் தங்கையே வீட்டுக்கு வா என்று பையா உனக்கு எழுதியது சந்தோஷம். அம்மாவும் இல்லை, பாபூஜி போயும் இரண்டு வருடம் ஆகிவிட்டது. வர வேண்டியவள்தான் நீ. ஆனால் யோசித்துச் செய். சட் பூஜைக் கூட்டத்தில் கடிஹாரில் வண்டி மாறுவது உன் முழங்காலுக்கு ஆகாது. குளிர் விட்ட பிறகு வரலாமே. நானும் லீவு போட்டுக்கொண்டு வருவேன்.

தெருக் கோடி நாவிதர் வீட்டுப் பதாசோவைப் பற்றிக் கேட்டிருந்தாய். இருக்கிறாள். எழுபது தாண்டிவிட்டது. இன்னும் பண்டிகைக்குப் பண்டிகை வந்து வீட்டுப் பெண்களுக்கு நகம் வெட்டிக் காலுக்குச் செம்பஞ்சு வைத்துவிட்டுப் போகிறாளாம். அவளைப் போய்ப் பார்த்துக் கேட்கப்போவதாக எழுதியிருக்கிறாய். இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய விஷயத்தைக் கிளறி யாருக்கும் ஆகப்போவது ஒன்றுமில்லை. விட்டுவிடு.

பரிதோஷுக்கு என் விசாரிப்பு.

விபா

•

சிலிகுரி
6 அக்டோபர் 1994

தீதி,

உன் கடிதத்தைப் பரிதோஷுக்குப் படித்துக் காட்டினேன். "ஒங்க அக்கா வான்னு சொல்றாங்களா, வராதன்னு சொல்றாங்களா?" என்று கேட்டார். "ரெண்டும்தான். காலேஜ்ல பாடம் எடுக்கறவங்க அப்படித்தான் பேசுவாங்க" என்றேன்.

நான் வருகிறேன். குளிர் விட்ட பிறகு சாமா ஏது? சட் முடிந்த மறுநாள் மண்ணைப் பிசைந்து பறவை செய்து, பௌர்ணமிவரை ராத்திரி ராத்திரி பனி குடிக்க வெளியே வைத்து, கடைசியில் பையா அதைத் தன் முழங்காலில் வைத்து உடைக்க வேண்டும். நான் அவர் மடி நிறைய அவலும் வெல்லமும் போட வேண்டும். இருபத்தைந்து வருடமாக இங்கே ஒரு தொட்டியில் தனியாகச் செய்து தனியாகக் கரைத்துக்கொண்டிருக்கிறேன். உடைக்க ஆள் இல்லாமல் பரிதோஷே உடைப்பார். "புருஷன் ஒடச்சா செல்லுமா?" என்று ஒவ்வொரு வருடமும் கேட்பார். செல்லாது. அவருக்கும் தெரியும்.

பதாசோவை விட்டுவிடு என்கிறாய். அதெப்படி விட முடியும்? அன்று நடந்தது உனக்குத் தெரியாது. நீ தலைவலி என்று படுத்திருந்தாய். சாமா வைத்த நாலாம் நாள். மாந்தோப்பிலிருந்து வருகிறேன். பறவைகளுக்குப் போட நெற்கதிர் கொஞ்சம் அறுத்துக் கூடையில் வைத்திருந்தேன், யாராவது கேட்டால் சொல்வதற்கு. பாபூஜி முற்றத்தில் நின்றார்.

"எங்க போயிட்டு வர?"

"கதிரு அறுக்க, பாபூஜி."

"மலேரியாக்காரன் வயல்லயா?"

அவ்வளவுதான். பரிதோஷ் மலேரியா ஆபீசிலிருந்து வந்து வீட்டுக்கு வீடு மருந்தடித்துச் சுவரில் தேதி போட்டுவிட்டுப் போகிறவர், வங்காளி, நம் சாதி இல்லை. அதில் பாபூஜி கேட்க வேண்டியது எதுவும் மிச்சம் இல்லை. "விடியறதுக்குள்ள போயிடு. எனக்கு ஒரே பொண்ணுதான்" என்றார். அம்மாவிடம் உன்னை எழுப்பச் சொன்னேன். "அவள எழுப்பாத, தலைவலி" என்றாள் அம்மா. ஸ்டேஷன் பெஞ்சில் கிடந்தபோதெல்லாம் ஒன்றைத்தான் நினைத்தேன். தோப்பில் எங்களைப் பார்த்தவள் பதாசோ. பார்த்து, "இந்த வருஷம் சாமா நெசமாவே பறக்கப்போறா" என்று சிரித்தவள் அவள். அன்று சாயங்காலம் பாபூஜி அறை வாசலிலிருந்து அவள் இறங்கிப் போனதை அம்மா பார்த்ததும் பின்னால் தெரியவந்தது. வேறு யார்?

பையா எழுதியிருந்தார்: அந்த வருடத்திலிருந்து நம் முற்றத்தில் கோள்மூட்டி பொம்மைக்குப் பதாசோ என்றுதான் பெயராம். கையில் நகம் வெட்டும் உளி வைத்துத்தான் மீசைக்குத் தீ வைக்கிறார்களாம். படித்தபோது எனக்கு மனம் குளிர்ந்தது. மறைப்பானேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். போன வருடத்துக்கு முந்திய வருடம் ஒரு பெண் இங்கே வந்தாள். பதாசோவின் பேத்தியாம். நான் வேலை பார்க்கும் நர்சிங் ஹோமில் ஆயா வேலைக்குச் சொல்ல முடியுமா என்று, நம் ஊர்க்காரி என்கிற நம்பிக்கையில் முகவரி விசாரித்து வந்திருக்கிறாள். பதினெட்டு வயதுகூட இருக்காது. யார் என்று சொன்னதுமே கதவைச் சாத்திவிட்டேன். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

பையா இந்த வருடம் எழுதும்வரை அந்த வீட்டிலிருந்து எனக்குக் கடிதம் எழுதிய ஒரே ஆள் நீ. அதனால் கேட்கிறேன். பதாசோ முன்னால் நான் நிற்கும்போது நீ பக்கத்தில் நில்.

சுனைனா

•

பாட்னா
15 அக்டோபர் 1994

சுனைனா,

இதற்கு முன் இரண்டு கடிதங்கள் எழுதிக் கிழித்துவிட்டேன். ஒன்றில் காரணங்கள் அதிகம். மற்றதில் அழுகை அதிகம்.

பாபூஜியிடம் சொன்னது பதாசோ இல்லை. நான்.

அன்று மதியம் குளக்கரைப் பக்கம் நடந்தபோது உங்கள் இருவரையும் தோப்பில் பார்த்தேன். நீ அவருடைய கையிலிருந்த பெயிண்ட் பிரஷ்ஷைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாய். வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு பாபூஜி அறைக்குப் போனேன். "சுனைனா தோப்புல தெனம் யாரப் பாக்குறான்னு கேளுங்க பாபூஜி. மலேரியா ஆபீஸ்காரர்" என்றேன். ஒரே மூச்சில் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தார். "சரி, போய் படு" என்றார். போய்ப் படுத்தேன். தலைவலி என்று அம்மாவிடம் நான்தான் சொன்னேன். நீ முற்றத்தில் நின்றபோது தூங்கவில்லை. "எனக்கு ஒரே பொண்ணுதான்" என்று அவர் சொன்னதைக் கேட்டேன்.

ஏன் சொன்னாய் என்று கேட்பாய். உன் நல்லதுக்கு என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன்; அது இல்லை. பொறாமையா என்று பார்த்தேன். அதுவும் முழுக்கச் சரி இல்லை. அந்த மாதம் மேல்படிப்புக்கு என்னைத் திரும்பப் பாட்னாவுக்கு அனுப்புவதா, கல்யாணம் பேசுவதா என்று பாபூஜி யோசித்துக்கொண்டிருந்தார். வீட்டில் ஒரு அசிங்கம் வெளியே வந்தால் என் புத்தகமும் மூடப்படும் என்று பயந்தேனா? வெளியே வருவதற்கு முன் நானே சொல்லிவிட்டால் நான் வேறு, நீ வேறு என்று ஆகும் என்று கணக்குப் போட்டேனா? போட்டிருக்கலாம். நான் பொய் சொல்லவில்லையே, கதையில் அவன்தானே திரித்தான் என்பதை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் ஓட்டினேன். அது தர்க்கத்தில் நிற்கும். வேறெங்கும் நிற்காது.

பதாசோ அன்று மிச்சமிருந்த சட் பிரசாதம் வாங்க வந்தாள். பாபூஜி அறை வாசலில் நின்று அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு இறங்கிப் போனாள். மறுநாள் அம்மா அதைச் சொன்னதும் பையா, "அவதான், வேற யாரு, ஊரு பூரா அவ வாய்தானே" என்றார். நான் அறைக்குள் இருந்தேன். வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. அந்தப் பௌர்ணமிக்குப் பெண்கள் கோள்மூட்டிக்குச் சணல் மீசை ஒட்டிவிட்டுக் களிமண்ணில் ஒரு சின்ன உளி செய்து இடது கையில் வைத்தார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். "பதாசோ வலது கையாலதானே வெட்டுவா" என்றேன். அவர்கள் சிரித்துக்கொண்டே கையை மாற்றினார்கள்.

ஒன்பது வருடம் கழித்து உனக்கு எழுதத் தொடங்கினேன். என்னை நல்லவள் என்று நினைத்து நீ பதில் போட்டாய். அந்தக் கடிதங்களை எல்லாம் வைத்திருக்கிறேன். எடுத்துப் பார்ப்பதில்லை.

விபா

•

[அஞ்சல் அட்டை. கல்லூரி முகவரிக்கு.]

சிலிகுரி
24 அக்டோபர்

டாக்டர் விபா ஜா, தத்துவத் துறை.

கோள்மூட்டிக்கு என்ன கிடைத்தது என்று கேட்டேன், தெரியாது என்றாய். எனக்குத் தெரிந்துவிட்டது: பாட்னாவில் வாசம், பெயருக்கு முன்னால் ஒரு டாக்டர்.

என் அக்கா என்னைக் காட்டிக்கொடுத்தாள். பழி ஒரு நாவிதர் வீட்டுப் பெண் மேல் விழுந்தது. இவள் உளியைக் கை மாற்றி வைக்கச் சொன்னாள். அட்டையில் எழுதுகிறேன். தபால்காரர் படிக்கட்டும். உங்கள் பியூன் படிக்கட்டும்.

சட் முடிந்ததும் ஊரில் இருப்பேன். நீ வருகிறாயா, இல்லையா?

சு.

•

பாட்னா
3 நவம்பர் 1994, தீபாவளி

சுனைனா,

அட்டை வந்தது. ஆசிரியைகள் அறையில் தபால் பெட்டியில் எழுத்து மேலே தெரிய இருந்தது. பியூன் ராம்சேவக் என்னைப் பார்த்ததும் சாவிக்கொத்தைத் தேடத் தொடங்கினான். சாவி அவன் கையிலேயே இருந்தது. சமஸ்கிருதம் எடுக்கும் அம்மாள் போகிற போக்கில் அட்டையைக் குப்புறத் திருப்பி வைத்துவிட்டுப் போனாள். நீ செய்தது அதிகம் என்று முதல் நாள் நினைத்தேன். இரண்டாம் நாள் நினைக்கவில்லை. இதே மாதிரிப் பார்வைகளுக்கு நடுவில் ஒருத்தி இருபத்தைந்து வருடம் நடந்திருக்கிறாள்.

17ஆம் தேதி வருகிறேன். பதாசோவிடம் சொல்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அவள் வீட்டில் போய்த் தனியாகச் சொல்கிறேனே. முற்றத்தில், எல்லோர் முன்னாலும் வேண்டாம். பையாவின் மூத்தவள் ரசனாவுக்கு வரன் பார்க்கிறார்கள். பெண்ணின் அத்தை இப்படி என்று பேச்சுக் கிளம்பினால் அவளுக்கு ஆகாது. எனக்காகக் கேட்கவில்லை.

எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். எனக்காகவும்தான் கேட்கிறேன்.

விபா

•

மங்ரௌலி
12 நவம்பர் 1994

தீதி,

வந்து சேர்ந்தேன். உன் அறையில்தான் படுக்கிறேன். மதுபனி போகும் ஒருவர் கையில் இந்தக் கடிதத்தை அங்கே தபாலில் போடச் சொல்லிக் கொடுத்தனுப்புகிறேன். சீக்கிரம் கிடைக்கும்.

பையா கேட்டருகில் நின்றிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. "வந்துட்டியா" என்றார். "இல்ல, இன்னும் வண்டியிலதான் இருக்கேன்" என்றேன். சிரிக்கப் போனவர் அழுதுவிட்டார். அவர் பெண்டாட்டி பௌஜி நடுவில் புகுந்து, "அண்ணனும் தங்கச்சியும் அப்புறம் அழுங்க, பைய மொதல்ல உள்ள எடுத்துட்டு வாங்க, மாடு மோந்து பாக்குது" என்றாள். நல்லவள். என்னைவிட எட்டு வயது சின்னவள், என்னை அதட்டுகிறாள்.

பறவை செய்ய உட்கார்ந்தோம். ரசனாவுக்குக் கை நன்றாக வருகிறது. சின்னவள் டோலி செய்தது பறவையா பூசணிக்காயா என்று தெரியவில்லை. வைக்கோலில் பிருந்தாவனம் கட்டினோம். பிறகு டோலி கோள்மூட்டியைச் செய்தாள். அதை மட்டும் பிரமாதமாகச் செய்தாள். உளி வலது கையில்.

"இது யாரு?" என்றேன்.

"பதாசோ."

"பதாசோன்னா?"

"கோள்மூட்டிக்குப் பேரு, அத்த. ஒங்களுக்குத் தெரியாதா? ஸ்கூல்ல டீச்சர்கிட்ட யாராவது போட்டுக் குடுத்தா, பதாசோ வேல பாக்காதன்னுதான் சொல்லுவோம்."

"நம்ம தெருக் கோடியில ஒரு பதாசோ இருக்காங்களே?"

டோலி யோசித்தாள். "அவங்களுக்கும் அதே பேரு" என்றாள்.

மறுநாள் பதாசோ வந்தாள், எங்களுக்கு நகம் வெட்ட. ஒரு கண் மங்கிவிட்டது. ஆனால் வாய் அப்படியே இருக்கிறது. என் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "பெங்காலிக்காரன் ஒன்ன நல்லா நடக்க வெச்சிருக்கான். குதிகாலு பூரா பாளம் பாளமா வெடிச்சிருக்கு" என்றாள். பிறகு தலையைத் தூக்காமலே கேட்டாள்:

"எம்மேல கோவமா இருந்தியாமே, தாயி?"

"ஆமா."

"இப்ப?"

"இப்ப இல்ல."

"ஏன், கெழவி சாகப்போறான்னா?"

பௌர்ணமியன்று அவளும் வந்து உட்கார்ந்து, பொம்மை எரியும்போது கை தட்டுவாள் என்று பௌஜி சொல்லியிருந்தாள். ஏன் தட்டுகிறாய் என்று கேட்டேன்.

"தட்டாம? வராம வீட்லயே இருந்தா, 'பாத்தியா, குத்துது, அதான் வரல'ம்பாங்க. வந்து மூஞ்சியத் தூக்கி வெச்சுகிட்டா, 'பாத்தியா, கோவம் வருது'ம்பாங்க. கை தட்டினா ஒரு பிடி அவலாவது கெடைக்குது."

"நீ இல்லன்னு சொல்லக் கூடாதா?"

"மொத வருஷம் சொன்னேனே. வீடு வீடாப் போய்ச் சொன்னேன். கோள்மூட்டி வேற எப்படிச் சொல்லுவான்?" என்று சொல்லிவிட்டு அடுத்த காலை எடுத்துக்கொண்டாள்.

நீ தர்க்கம் நடத்துகிறவள். இதற்கு ஒரு பதில் கண்டுபிடித்துக்கொண்டு வா.

ரசனாவின் வரனைப் பற்றி எழுதியிருந்தாய். பதாசோவுக்குக் கமலி என்று ஒரு பெண் இருந்தது ஞாபகம் இருக்கிறதா? அவளுக்கும் வரன் பார்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் தெருவுக்குள் நுழைந்த அன்று நம் முற்றத்தில் கூடும் தெருப் பிள்ளைகள் பதாசோ பெயர் சேர்த்த கோள்மூட்டிப் பாட்டைப் பின்னாலேயே பாடிக்கொண்டு போனார்களாம். நாலு வரன் அப்படித் திரும்பிப் போயிற்று. கடைசியில் பெண்டாட்டியை இழந்த ஒருவருக்கு, இரண்டு பிள்ளைகளோடு, தூர தேசத்தில் கொடுத்தாள். கமலியின் மகள்தான் என் வாசலுக்கு வந்து நின்ற பெண். அவளும் இப்போது இங்கேதான் இருக்கிறாள், கைக்குழந்தையோடு. என்னைப் பார்த்ததும் முக்காட்டை இழுத்துக்கொண்டு விலகிப் போனாள். நான் கூப்பிடவில்லை. என்ன சொல்லிக் கூப்பிடுவது? உன்னைத் திட்டுவதற்கு எனக்கு முழு உரிமை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வண்டி ஏறினேன். இங்கே வந்து பார்த்தால் பாதிதான் இருக்கிறது.

இன்னும் யாரிடமும் நான் வாயைத் திறக்கவில்லை. அதைச் சொல்ல வேண்டியது நான் இல்லை.

மன்னிப்பைப் பற்றி என்னிடம் பேசாதே. எனக்கு வரவில்லை. வந்தால் எழுதுகிறேன். பழி சொன்னது முற்றத்தில். அதனால் முற்றத்தில் சொல். மீசைக்குத் தீ வைப்பதற்கு முன்னால் சொல். ஒரு வரி போதும். பாபூஜியிடம் ஒரே மூச்சில் சொன்னாய் அல்லவா, அப்படி.

சுனைனா

•

பாட்னா
21 நவம்பர் 1994

சுனைனா,

நீ விடியற்கால பஸ்ஸில் போய்விட்டாய். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. ஜன்னலிலிருந்து பார்த்தேன். பையா உன் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். நீ திரும்பிப் பார்க்கவில்லை. சரிதான்.

பௌர்ணமியன்று நடந்தது உனக்குத் தெரியும். ஆனாலும் என் பக்கத்திலிருந்து அதை எழுதிவிடுகிறேன். வரி தயாராக இருந்தது. கூடைகளை எடுத்துக்கொண்டு எல்லோரும் முற்றத்தில் கூடியபோது நான் துளசி மாடத்துப் பக்கம் நின்றேன். பதாசோ சாக்கு ஒன்றை விரித்து ஓரமாக உட்கார்ந்திருந்தாள். நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். டோலி விளக்கிலிருந்து திரியை எடுத்தாள். அப்போது சொல்லியிருக்க வேண்டும். பெண்கள் பாட்டை எடுத்தார்கள். வாயைத் திறந்தேன். வந்தது பாட்டின் அடுத்த அடி. நாற்பத்தெட்டு வயதில், எல்லாம் தெரிந்தபிறகு, அவள் பெயரைச் சேர்த்து நானும் பாடினேன். பாடி முடிக்கும்போது மீசை எரிந்து முடிந்திருந்தது. பதாசோ கை தட்டினாள். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். பையா உன் சாமாவை முழங்காலில் வைத்து உடைத்தபோது உன் பக்கத்தில் வந்து நிற்க எனக்குக் கால் வரவில்லை.

இனி மறுநாள் நடந்ததை மட்டும் எழுதுகிறேன். நான் என்ன நினைத்தேன் என்பதை எழுதவில்லை. என் நினைப்புகளை நான் இப்போது அவ்வளவாக நம்புவதில்லை.

காலை ஒன்பது மணிக்குப் பையா முற்றத்தில் உட்கார்ந்து நீ மடியில் போட்ட அவலைத் தயிரில் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பௌஜி பரிமாறினாள். ரசனாவும் டோலியும் இருந்தார்கள். "பையா, அன்னிக்கு பாபூஜிகிட்ட சொன்னது பதாசோ இல்ல, நான்" என்றேன். அவர் கை நின்றது. பிறகு அந்தக் கவளத்தைச் சாப்பிட்டு முடித்தார்.

"பாபூஜி இருந்தப்பவே சொல்லியிருக்கலாமே" என்றார்.

"சொல்லியிருக்கணும்."

"இப்ப எதுக்கு? சுனைனாவும் வந்துட்டுப் போயாச்சு. அந்தக் கெழவிக்கே பழகிப்போச்சு. ரசனா கல்யாணம் முடியட்டும் விபா, அப்புறம் பாத்துக்கலாம்."

பௌஜி அவர் இலையில் மேற்கொண்டு எதுவும் வைக்காமல் பாத்திரத்தை மூடினாள். டோலிதான் கேட்டாள்: "அப்ப அடுத்த வருஷம் பொம்ம யாரு?"

"நான்தான், டோலி" என்றேன்.

அவள் சிரித்தாள். விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டாள். மறுபடி சொன்னேன். ரசனா அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

பதினொரு மணிக்குத் தெருக் கோடிக்குப் போனேன். பதாசோ வீட்டுக்கு எதிரே கைக்குழாயில் நாலைந்து பெண்கள் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள். கமலியின் மகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். பதாசோ வாசலில் ஆட்டுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தாள்.

"யாரு, பெரிய தாயியா? பண்டிக முடிஞ்சுதே, நகம் வெட்டணுமா?"

"இல்ல பதாசோ. ஒண்ணு சொல்லணும்."

சொன்னேன். அவள் தலையைச் சாய்த்து, நல்ல கண் பக்கமாக என்னைப் பார்த்தாள்.

"இன்னொரு தடவ சொல்லு. எனக்குக் காது கேக்கும். கொழாயடியில எம் மருமக நிக்கிறா, அவளுக்குக் கேக்கணும்."

சத்தமாகச் சொன்னேன். குழாய் நின்றது. மருமகள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து, "சத்தியமா?" என்றாள். "சத்தியமா" என்றேன். கமலியின் மகள் என்னை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள்.

"கமலிக்கு இத யாரு போய்ச் சொல்லுவா?" என்றாள் பதாசோ. பிறகு, "அது கெடக்கு" என்று அவளே சொல்லிக்கொண்டாள். "ஒங்க வீட்டு முற்றத்துல சொன்னியா?"

"இன்னிக்குக் காலைல சொன்னேன்."

"நேத்து சொல்லல."

"இல்ல. நேத்து பாடினேன்."

"கேட்டேன். ஒன் கொரல் எனக்குத் தெரியாதா? ஒங்க அண்ணன் என்ன சொன்னாரு?"

சொல்லாமல் இருந்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. சொன்னேன்.

"ஒனக்குப் பழகிப்போச்சுன்னு சொன்னாரு."

அவள் கையிலிருந்த இலையை ஆட்டின் முன்னால் போட்டாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"எனக்குப் பழகல" என்றாள்.

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வாசலில் நின்றேன். எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. குழாயடியில் மறுபடி தண்ணீர் அடிக்கத் தொடங்கினார்கள். கதவு திறக்கவில்லை. இரண்டு மணி பஸ்ஸில் மதுபனி வந்து, அங்கிருந்து பாட்னா வந்து சேர்ந்தேன்.

விபா